எந்த ஊசி என்று தெரிந்ததும் சொல்

கண்ணு,

காகிதத்தில் எழுதினால் சத்தம் வராது. அதனால்தான் எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. "நல்லா கீறேன்" என்று ஒரு வரி அனுப்புகிறாய், அதற்குப் பக்கத்தில் ஒரு கும்பிடும் கை. எனக்கு எதற்குடா கும்பிடு? ஓட்டுக் கேட்டு வருகிறவன்தான் இப்படிக் கும்பிடு போட்டுவிட்டுப் போவான். நான் திருத்தணிப் பக்கம் பிறந்து தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், நீ ஆந்திரப் பக்கம் நகரியில் தெலுங்கு மீடியம் படித்தவன். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படி. யாரையும் விட்டுப் படிக்கச் சொல்லாதே. நம் விஷயத்தை ஏற்கெனவே ஒரு தெரு கேட்டாகிவிட்டது, அது போதும்.

எங்கள் தெருவில் பேச்சு என்றால் கத்தல்தான். பவர்லூம் ஓடுகிற ஷெட்டில் நாளெல்லாம் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றுகிறவளுக்கு மெல்லப் பேசுவது எப்படி என்றே மறந்துபோகும். நீ சின்னவனாக இருந்தபோது பலமனேரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம், நினைவிருக்கிறதா? பந்தியில் நான் "ரசம் ஊத்துப்பா" என்று கேட்டதை யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்து வந்துவிட்டார்கள். நகரிக்காரி என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே போனார்கள். நீ வெட்கப்பட்டு என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாய். தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை பெங்களூருக்கும் சென்னைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன காலத்தில் நீயும் போனாய், கம்பெனிக்காரர்கள் அங்கிருந்து உன்னை மெல்போர்னுக்கு அனுப்பினார்கள். நீ வேலை முடிந்து கூப்பிடும் நேரம் இங்கே மத்தியானம், தறிகள் ஓடுகிற நேரம். என் காது பாதி போய்விட்டதால் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஷெட் வாசற்படியில் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் உன்னோடு பேசினேன். நாம் பேசுவது நமக்கே அரையும் குறையுமாகத்தான் கேட்கும், அடுத்தவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்று ஒரு தைரியம். கதவு இல்லாத எங்கள் ஷெட்டில் அந்தச் சத்தம்தான் கதவாக இருந்தது.

நாம் கடைசியாகப் பேசிய அன்றைக்கு நான் பேச நினைத்தது உனக்குப் பார்த்திருந்த பலமனேர்ப் பெண்ணைப் பற்றி. தக்காளி மண்டி வைத்திருக்கிற குடும்பம், பெண் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள், போட்டோவை அனுப்பியிருந்தேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. குரலும் ஒரு மாதிரி இருந்தது.

"இன்னாடா, ஒடம்பு சரியில்லியா?"

"லேசா ஜுரம்மா. ஊசி போட்டாங்க, அதான். கையத் தூக்க முடியல."

"இன்னா ஊசி?"

"மூளைக்காய்ச்சல் ஊசி."

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு அதில் போன உன் அக்காவின் நினைப்பு வந்தது, பிறகு ஒரு நிம்மதி வந்தது. "நல்ல காரியம் பண்ணினடா சாமி, உங்க அக்காவுக்குக் கெடைக்காதது உனக்காவது கெடைச்சுதே" என்று சொன்னேன். நீ அதோடு விட்டிருக்கலாம். ஆமாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லி போனை வைத்திருக்கலாம். ஆனால் அக்காவின் பேரில் என்னை ஏமாற்ற உனக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"இது மூளைக்காய்ச்சலுக்குன்னு போட்டது இல்லம்மா. ஊசி அதேதான். அது இன்னொரு நோயையும் தடுக்குமான்னு சோதிச்சுப் பாக்கறாங்க. அதுல நானும் சேந்துக்கினேன்."

"இன்னொண்ணுன்னா?"

நீ இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னாய், எனக்குப் புரியவில்லை. தெலுங்கில் சொல்லப் பார்த்தாய், தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. கடைசியில், "வெட்டை நோயிம்மா" என்றாய்.

"கல்யாணம் ஆவாத புள்ள, உனக்கு எதுக்குடா அது?"

"என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் அது ஜாஸ்தியா வருது. அதனால எங்களத்தான் கேட்டாங்க."

"உன்னை மாதிரின்னா?"

"ஆம்பளையோட வாழற ஆம்பளைங்கம்மா. நான் அப்படித்தான். ரொம்ப நாளா உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

நான் கத்தினேன். அதைக் கோபம் என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தறிகள் ஓடும்போது கத்துகிற அதே கத்தல்தான். ஆனால் நான் வாயைத் திறந்தபோது ஓடிக்கொண்டிருந்த தறிகள் வாயை மூடும்போது ஓடவில்லை. கரண்ட் போய்விட்டது. நம் தெருவில் கரண்ட் போனால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எல்லா ஷெட்டும் ஒரே அடியாக நின்றுபோய், குழாயடியில் சொட்டுகிற தண்ணீர்கூடக் கேட்கும். அந்த அமைதியில் என் குரல் மட்டும் தெருக்கோடி வரைக்கும் தனியாகப் போனது. "ஆம்பளையோட படுத்து வர்ற வெட்டை நோயிக்காடா உனக்கு ஊசி?"

ஷெட்டுக்குள்ளேயிருந்து ஒருவன் சிரித்தான், அதைத் தொடர்ந்து பக்கத்து ஷெட்டிலும் சிரித்தார்கள். அது உனக்கும் கேட்டிருக்கிறது. "அம்மா, ஸ்பீக்கர்லயா போட்டிருக்க?" என்று கேட்டாய். அதுதான் நீ என்னோடு கடைசியாகப் பேசியது.

நீ எனக்கு மட்டும் சொன்னதை நான் ஊருக்குச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனாலும் செய்தது நான்தான். கரண்டின் மேல் பழி போட்டு இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.

எதிர்த் தறி சம்பூர்ணம் மறுநாள் காலையில் வந்து, முகத்தைத் துக்க வீட்டுக்கு வந்தவள்போல வைத்துக்கொண்டு, "இன்னாக்கா, தம்பிக்கு அந்த நோவு வந்துட்ச்சாமே?" என்று கேட்டாள். வரவில்லை, வராமல் இருப்பதற்குத்தான் ஊசி என்றேன். "வராதவனுக்கு எதுக்குக்கா ஊசி?" என்றாள். "உம் புள்ளைக்குப் போலியோ சொட்டு போட்டியேடி, அவனுக்குக் கால் வெளங்காம போயா போட்ட?" என்று கேட்டேன். அந்த ஒன்றைக் கேட்டதும் அவள் எழுந்து போனாள். ஷெட்டில் டீ வரும்போது மற்றவர்களுக்குக் கிளாஸும் எனக்கு மட்டும் பேப்பர் கப்பும் வருகிறது. பலமனேரிலிருந்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அதே ஜாதகம் பத்துக்கு எட்டு பொருத்தம் என்று இனிப்பு கொடுத்தார்கள். அன்று அழுதேன். இப்போது யோசித்தால், அந்தப் பெண் பிழைத்தாள் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் மனம் குளிரட்டும் என்று நீ அவள் கழுத்தில் தாலி கட்டியிருந்தால், விவரம் தெரியாத ஒரு பெண்ணின் வயிற்றெரிச்சலை நாம் மூன்று பேரும் சுமக்க வேண்டியிருக்கும். நாளைக்கே நான் புத்தி மாறி உன் காலில் விழுந்து கெஞ்சினாலும் நீ அதைச் செய்யாதே.

உன் நைனா தறி ரிப்பேர் பார்க்க இரண்டு ஷெட் தள்ளி இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து, கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "துன்றியா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படுத்துவிட்டார். உன்னைத் திட்டினால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உன் பேரையே எடுப்பதில்லை. உன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றவில்லை, ஆனால் அந்தப் பக்கம் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு போகிறார்.

உன் அக்காவைப் பற்றி உனக்கு நாங்கள் முழுதாகச் சொன்னதில்லை. நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய். வள்ளி பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம். ஒரு காலையில் ஜுரம், வாந்தி, தலைவலி என்று அழுதாள். மத்தியானத்துக்குள் காலிலும் வயிற்றிலும் செம்புள்ளிகள் வந்தன. நம் வீடுகளில் ஜுரத்தோடு புள்ளி வந்தால் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? அம்மா வார்த்திருக்கிறாள், அம்மைதான் என்றார்கள். வாசலில் வேப்பிலை கட்டினோம். தாளிப்பதை நிறுத்தினோம். உன்னைத் தூக்கி சம்பூர்ணத்தின் வீட்டில் விட்டோம். அம்மா வீட்டுக்குள் இருக்கும்போது டாக்டரிடம் போய் ஊசி போட்டால் அவள் கோபித்துக்கொள்வாள், குழந்தையின் கண்ணை எடுத்துக்கொள்வாள் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அதை நம்பினவள்தான். மோரும் இளநீரும் கொடுத்து வேப்பிலையால் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். புள்ளி கறுத்துக்கொண்டே போனது. கழுத்து விறைத்து அவள் யாரென்று தெரியாமல் பார்த்தபோதுதான் உன் நைனா, "அம்மா கோச்சிக்கினா கோச்சிக்கட்டும்" என்று அவளை அள்ளிக்கொண்டு புத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினார். திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் போர்வையை விலக்கிக் காலைப் பார்த்ததுமே, "அம்மவாரு காதம்மா, இதி மெதடு ஜுவரம்" என்றார். இது அம்மை இல்லை, மூளைக்காய்ச்சல். அன்று இரவே அவள் போய்விட்டாள். திரும்பி வந்தபோது வாசலில் வேப்பிலை அப்படியே பச்சையாக இருந்தது. அதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அவளுக்கு இல்லாத ஊசி உன் கைக்கு வந்தது, வந்தும் இப்படி ஒரு காரியத்துக்காக வந்ததே என்று முதலில் எனக்கு வயிறு எரிந்தது. என் பெண்ணைத் தின்ற நோயை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வாயில் சொல்லக் கூசுகிற நோய்க்கு அந்த மருந்தைக் கொட்டுகிறார்களே என்று நினைத்தேன். உன்னை எலியைப் போல வைத்துச் சோதிக்கிறார்களோ என்றும் பயந்தேன். காது காட்டுவதற்காகச் சித்தூர் போனபோது, சோதனையெல்லாம் முடிந்ததும், அந்த டாக்டரம்மாவிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, அதுவே எனக்குப் பெரிய உபகாரம். மூளைக்காய்ச்சல் கிருமியும் வெட்டை நோய்க் கிருமியும் பங்காளிகளாம். ஒருவனை விரட்டுகிற மருந்து இன்னொருவனையும் கொஞ்சம் அண்டவிடாமல் செய்யுமோ என்று சந்தேகம் வந்திருக்கிறதாம். வெட்டை நோய் இப்போது பழைய மாத்திரைகளுக்கு அடங்குவதில்லையாம், அதனால் வருமுன்னே தடுக்க வழி தேடுகிறார்களாம். சம்மதம் கேட்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். "ஆனா அதி ட்ரயல் அம்மா. கொஞ்சம் பேருக்கு நெஜ ஊசி, கொஞ்சம் பேருக்கு வெறும் உப்புத் தண்ணியா இருக்கும். யாருக்கு எதுன்னு போடற டாக்டருக்கே தெலியது. கடைசில தான் சொல்லுவாங்க." உனக்குக் கை வலித்ததே, ஜுரம் வந்ததே, அப்படியானால் நிஜ ஊசியாகத்தானே இருக்கும் என்று கேட்டேன். அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எழுந்திருக்கும்போது வள்ளியைப் பற்றியும் கேட்டுவிட்டேன். அந்த ஊசி அன்றைக்கு இருந்திருந்தால் என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. அந்தக் கிருமியிலேயே பல வகை உண்டு, எது வந்ததோ தெரியாது, இந்த ஊசி காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு, காதுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் எப்படி நடந்தேன் என்றுதான் தெரியவில்லை.

ஆகையால் கண்ணு, ஊசி போட்டாகிவிட்டது என்று அசட்டையாக இருக்காதே. உன் உடம்பில் ஏறியது உப்புத் தண்ணியாகவும் இருக்கலாம், நிஜ மருந்தாகவே இருந்தாலும் அது இதைத் தடுக்குமா என்று அவர்களுக்கே இன்னும் தெரியாது. டாக்டர் எதையெல்லாம் கடைப்பிடிக்கச் சொன்னாரோ அதையெல்லாம் கடைப்பிடி. ஒரு தாய் மகனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று கேட்பாய். தெருவே கேட்கக் கத்தினவளுக்கு இனி என்ன வெட்கம்? உன் வாழ்க்கை எனக்குப் புரிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். புரியவில்லை. இரவில் படுத்தால் எங்கே தப்பு செய்தேன் என்றுதான் இன்னும் மனசு தேடுகிறது. அப்படித் தேடுவதே தப்பு என்று நீ சொல்வாய், அதுவும் தெரிகிறது. ஆனால் ஒன்று மட்டும் அன்றே கேட்டிருக்க வேண்டும், கத்தியதில் கேட்காமல் போய்விட்டது. ஜுரத்தில் கையைத் தூக்க முடியவில்லை என்றாயே, உனக்கு யார் கஞ்சி வைத்துக் கொடுத்தது? யாராவது வைத்திருந்தால் அந்தப் பிள்ளையின் பேரை எனக்கு எழுது.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். வள்ளி போன பிறகு உன் நைனா திருப்பதி கங்கம்மாவிடம் உனக்காக வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியும். இந்த ஒரு பிள்ளையை விட்டுவை, வருஷா வருஷம் ஜாத்திரைக்குப் பெண் வேஷம் கட்டி வருகிறேன் என்று வேண்டினார். என் கத்திரிப்பூக் கலர்ச் சேலையைக் கட்டி, மஞ்சள் பூசி, வளையல் போட்டு, பூ வைத்துக்கொண்டு, வேப்பிலையோடு அந்தக் கூட்டத்தில் நடப்பார். சின்ன வயதில் நீ அவர் தோளில் உட்கார்ந்து, "நைனா, நீ அம்மா மாதிரியே கீற" என்று சிரிப்பாய். ஆயிரம் ஆண்கள் சேலை கட்டி நடக்கிற இடத்தில் யாரும் யாரையும் கேலி செய்ததில்லை. அவர் ஒரு வருஷம்கூட விட்டதும் இல்லை.

இந்த வருஷம் போக மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜாத்திரை வந்ததும் பீரோவைத் திறந்து அவரே சேலையை எடுத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம், கூடவே போனேன். கோயிலுக்குப் போகிற வழியில் நம் தெருப் பையன்கள் இரண்டு பேர் எதிரில் வந்தார்கள், அவர்களும் சேலையில்தான் இருந்தார்கள். அதில் ஒருத்தன் உன் நைனாவை மேலும் கீழும் பார்த்து, "புள்ள எங்கேர்ந்து கத்துக்கினான்னு இப்பத்தான் தெரியுது" என்றான். உன் நைனா நேராக ஒரு குழாயடிக்குப் போய், முகத்து மஞ்சளைக் கழுவினார். வளையலைக் கழற்றினார். உள்ளே கட்டியிருந்த லுங்கியோடு நின்று, சேலையைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இங்கேர்ந்து கோயிலு தெரியுதேய்யா, இன்னும் கொஞ்ச தூரம்தான், வா" என்று கெஞ்சினேன். "என்னால ஆவல" என்றார். கோயிலுக்குப் போகாமலே திரும்பினோம்.

பஸ் புத்தூரைத் தாண்டும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக உன்னைப் பற்றிப் பேசினார்.

"வேண்டுதல முடிக்காம வந்துட்டனே. அவனுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஒண்ணும் ஆவாது. அவன்தான் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டுக்கினானே" என்றேன்.

"நெஜ ஊசியா?" என்று கேட்டார். அந்தச் சித்தூர் டாக்டரம்மா சொன்னதை அவரிடமும் சொல்லியிருந்தேன். கேட்காதவர்போலத் தறிச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார், கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"தெரியல" என்றேன்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒன்றுதான் நினைப்பு. நேர்த்திக்கடனை நாங்கள் பாதி வழியில் விட்டுவிட்டோம். கங்கம்மாவிடம் போய் நிற்க எனக்கும் முகம் இல்லை. இனி உன்னைக் காக்க எங்களிடம் மிஞ்சியிருப்பது அந்த ஊசி ஒன்றுதான், அதுவும் உண்மையா பொய்யா என்று தெரியாத ஊசி. அது வெட்டை நோயைத் தடுத்ததா இல்லையா என்பதை அந்த டாக்டர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது வேறு. உன் கையில் ஏறியது வள்ளிக்கு இல்லாமல் போன மருந்துதானா, அது மட்டும் தெரிந்தால் போதும்.

கடைசியில் சொல்வார்களாமே, அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு. ஸ்பீக்கரில் போட மாட்டேன். தறிச் சத்தம் எட்டாத ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன், நல்ல காதில் வைத்துக் கேட்கிறேன். நிஜ ஊசி என்றால் நீயே உன் நைனாவிடம் சொல், அவர் போனை வாங்குவார். உப்புத் தண்ணி என்றால் எனக்கு மட்டும் சொல். நிஜ ஊசிதான் என்று அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். பயப்படாதே, மெதுவாகத்தான் சொல்வேன்.

உன் அம்மா